மழைக்கு மன்றாட்டு வாசித்த உப்புக்காரர்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த புதுசில், ஒரு சாயங்காலம் மேற்கே வானம் கறுத்து வந்தது. நான் வாசலுக்கு ஓடிப்போய், "அப்பாடா, நல்ல மழை வரப்போகுது!" என்று கையைத் தட்டினேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வந்து நிற்பதுபோல இருந்தது. "மொதல்ல வாயக் கழுவும்மா" என்றார். அதற்குள் என் வீட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் பறந்துவிட்டார்.

நான் பெருமுக்கல் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் மேகம் வந்தால் அப்பா வேலையை எல்லாம் போட்டுவிட்டு வெளியே வந்து நின்று, மாப்பிள்ளை அழைப்பு பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்ப்பார். இங்கே மேகம் வந்தால் போலீஸ் வந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். உப்புக்கு வேண்டியது வெயிலும் காற்றும்தான். பாத்தியில் நிற்கும் உப்புத் தண்ணீர் வற்றி வற்றி, அடியில் மணி மணியாகத் திரண்டு வருகிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் போதும், அத்தனையும் கரைந்து பழையபடி தண்ணீராகிவிடும். வாரிக் குவித்த உப்புக்கும் கீற்றுப் போட்டு மூடாவிட்டால் அதே கதிதான். இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? வாங்கிக் கட்டிக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கோயில் குளம் என்று பக்தி மிகுந்தவர்கள்தான். வம்பே அதில்தான். மேகத்தைக் கண்டால் மாமியார் தெருமுனையில் மாதா சொரூபம் வைத்த கெபிக்கு ஓடி ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, "தாயே, இந்த மழைய அப்படியே கடல் பக்கம் தள்ளிவுட்டுடும்மா" என்று வேண்டிக்கொள்வார். கடலுக்கு எதுக்கு மழை என்று மாதா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாமியார் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

வீட்டுக்காரர் வேறு ரகம். பூசையில் கடைசி வரிசையில் தூண் ஓரமாக நிற்பார். பிரசங்கம் நீண்டால் நின்றபடியே தூங்குவார், அது ஒரு வித்தை. ஆனால் உப்பளத்தில் செருப்புக் காலோடு யாராவது இறங்கினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். "உப்ப லட்சுமின்னு கும்பிடறவங்க கழட்டிப் போடறாங்க, சரி. நமக்கு என்னங்க வந்துச்சு?" என்று ஒருநாள் சீண்டினேன். "யாரு குடுத்தா என்னம்மா, சோறு போடறத மிதிக்கறதா?" என்றார். வரப்பில் நெட்டைக்கால் குருவி ஏதாவது முட்டை வைத்திருந்தால், குஞ்சு பொரித்துப் போகிறவரை அந்த வரப்பையே விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். ஜெபமாலையைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. அவர் பக்தியெல்லாம் இப்படிக் காலில்தான் இருந்தது.

நான் சொல்ல வந்தது 2004ஆம் வருஷத்து ஆடி மாதத்தை. சுனாமி வந்த அதே வருஷம்தான், ஆனால் அதற்கு முன்னால். அப்போது கடலைப் பார்த்து எங்களில் யாருக்கும் பயமில்லை. வானத்தைப் பார்த்துத்தான் பயம். உப்புக்காரருக்கு அது கறுத்துவிடுமோ என்று, விவசாயிக்கு அது வெளுத்தே கிடக்கிறதே என்று. வருஷக்கணக்காக மழை பொய்த்துப்போய், ஆடிப்பட்டம் தேடி விதைக்கலாம் என்று வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எங்கள் ஊரில் வறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அப்பாவின் கிணறு தரை தட்டிவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. நான் கல்யாணமாகிக் கிளம்பும்போது கன்றுக்குட்டி. என் முந்தானையைச் சப்பிச் சப்பி மூன்று புடவையை நாசமாக்கியது. அது இப்போது சினையாக இருந்தது. வைக்கோல் போர் இருந்த இடத்தில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் போனபோது அப்பா சொன்னார்: "மாதா திருநாள் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு மழ பேஞ்சு புல்லு தலகாட்டலன்னா, அடுத்த சந்தைக்கு ஓட்டிட வேண்டியதுதான்." அந்தப் பஞ்சத்தில் சந்தைக்கு மாடு வாங்க வருகிறவன் பாலுக்காக வாங்க மாட்டான். லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எங்க வூட்டுல கொண்டாந்து கட்டுப்பா. மணல்ல தோண்டினா நல்ல தண்ணி வருது. கழுவெளி ஏரி ஓரம் புல்லு கெடக்குது" என்றேன்.

"பொண்ணு குடுத்த வூட்டுல மாட்டக் கொண்டுபோய்க் கட்டறதா? சம்மந்தியம்மா மூஞ்சியில எப்படி முழிக்கறது? போம்மா."

அப்பா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார். தவக்காலம் முழுக்கச் சீயக்காய் போட்டு முழுகிவிட்டுக் கோயிலுக்கு நடந்தே போவார். எல்லாவற்றையும் விடுகிற மனுஷன், ரோஷத்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

அப்புறம் நான் என்ன செய்ய? மேகம் தெரிகிறது என்று மாமியார் மெழுகுவத்தி ஏற்றக் கிளம்பினால், நானும் கூடவே போய்ப் பக்கத்தில் முட்டிபோட்டு, "தாயே, தள்ளிவுடாத, இங்கயே கொட்டு" என்று வேண்டிக்கொண்டேன். ஒரே மெழுகுவத்திக்கு இரண்டு மன்றாட்டு. மாதா பாடு திண்டாட்டம்தான். "ஏம்மா, உன் ஒதடு ஏன் இவ்ளோ வேகமா ஆடுது?" என்று மாமியார் ஒருநாள் கேட்டே விட்டார். "உங்களுக்காகத்தான் அத்தை வேண்டிக்கறேன்" என்றேன். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவருக்குத் தெரியாமல் என்ன!

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பூசையில் குண்டைப் போட்டார். வருகிற ஞாயிறு மழைக்காகச் சிறப்புப் பூசை, உள்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் எல்லாரும் வருவார்கள் என்றார். விவசாயிகள் முகமெல்லாம் மலர்ந்தது. உப்புக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி, மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். ஆமென் சொல்லவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் பங்கில் ஒவ்வொரு தெருக் குடும்பங்களையும் சேர்த்து ஒரு அன்பியம். வாரத்துக்கு ஒரு அன்பியம் பீடத்தருகே போய் மைக்கில் மன்றாட்டு வாசிக்க வேண்டும், அதிலும் வீட்டுக்கு வீடு முறை. அந்த ஞாயிறு எங்கள் அன்பியம். எங்கள் வீட்டு முறை. அதாவது மழை தாரும் ஆண்டவரே என்று ஊர் முன்னால் கேட்க வேண்டியவர், பாத்தி நிறைய உப்பை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்!

மறுநாளே சாமியாரைப் பார்க்கப் போய்விட்டார். அங்கே நடந்ததை வந்து அவரே சொன்னார்.

"ஸ்தோத்திரம் ஃபாதர். நான் மழ வேணாம்னு சொல்லல. கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்னுதான். பாத்தியில உப்பு நிக்குது. இன்னும் கொஞ்ச நாளு வெயில் காஞ்சா முத்திடும். வாரிட்டுக் கேக்கலாமே."

சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "கேசுக்கு வாய்தா கேப்பாங்க, தெரியும். மழைக்கு வாய்தா கேக்கற மொத ஆளு நீதாம்பா. சரி, உனக்குச் சங்கடம்னா விடு. வேற யாரையாவது வாசிக்கச் சொல்றேன்."

அங்கேதான் இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வேற யாரையாவதா? எங்க மொறை ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தள்ளி வைக்கச் சொல்லப் போனவர், தானாக வந்த விடுதலையையும் வேண்டாம் என்றுவிட்டு வந்து நின்றார். இந்த வீட்டு ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு குப்பை கொட்டுவது லேசா?

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஆலோசனைக் கூட்டம். "ஜொரம்னு படுத்துக்கடா, நான் கஷாயம் வெச்சுத் தர்றேன்" என்றார் மாமியார். அடுத்த பாத்திக்காரர் வந்து, "மழன்னு வாயால சொல்லாத. 'வேண்டிய வரங்களைத் தாரும்'னு பொதுவா வாசிச்சுடு. அவருக்குப் புரிஞ்சா புரியட்டும்" என்று சட்டம் பேசிவிட்டுப் போனார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் ராத்திரி சோறு போடும்போது வாய் வெடித்துவிட்டது.

"உங்களுக்கு உப்பு கரைஞ்சா அடுத்த மாசம் திரும்ப வெளையும். எங்கப்பா மாடு லாரியில ஏறிட்டா திரும்ப வருமா? நீங்க கும்பிடற சாமி வேற, நாங்க கும்பிடற சாமி வேறயா?"

அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார். எங்கள் உப்பை வாங்குகிற பாய் அங்கேதான் கடை வைத்திருந்தார். இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அன்றைக்கு அவர்கள் திடலில் மழைத் தொழுகை. உப்பு வியாபாரி மழைக்குத் துவா கேட்கிறாரே, இந்த ஆள் எப்படிச் சமாளிக்கிறார் பார்ப்போம் என்றுதான் போயிருக்கிறார். அங்கே பாய் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, தன் உப்புக் குவியலுக்குக் கீற்றுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"மழ வந்துடுமா பாய்?"

"அது அல்லாவுக்குத் தெரியும்."

"அப்ப இது எதுக்கு?"

"டேய், கேக்கப் போறது நான்தானே? கீத்தும் போடாம போய்க் கேட்டா, வராதுன்னு தெரிஞ்சு கேட்ட மாதிரி ஆயிடாதா? அப்பறம் எதுக்கு வெயில்ல போய் நிக்கணும்? அந்தப் பக்கம் புடி, பேசாத."

இவர் அந்தப் பக்கம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனபோது வரப்பில் ஒரே சிரிப்பு. நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரர், முட்டி வரைக்கும் உப்புத் தண்ணீரில் நின்று, இன்னும் முற்றாத உப்பைப் பலகையால் இழுத்து இழுத்து வரப்பேற்றிக்கொண்டிருந்தார். கரையேறினது உப்பு மாதிரியே இல்லை. நொய்யரிசிக் கஞ்சி மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, வெயில் இந்தப் போடு போடுது, பச்ச உப்ப வாரறியே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

அவரை விடுங்கள், எனக்கு வந்ததே கோபம்! மழை வேண்டும் வேண்டும் என்று மாதா காதைக் கடித்தவள் நான்தான். ஆனாலும் பாதி விளைந்த உப்பைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. "என்னங்க பண்றீங்க? இன்னும் கொஞ்ச நாளு விட்டா கல்லு கல்லா நிக்குமே. யாராவது இத வாங்குவாங்களா?" என்று கரையிலிருந்தே கத்தினேன்.

அவர் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "நாளைக்கு அவ்ளோ பேரு முன்னால நின்னு மழ குடுன்னு கேக்கப்போறேன். வாய் ஒண்ணு கேக்குது, உள்ள வேணாம் வேணாம்னு இந்த உப்பு கத்துது. அவருக்குக் காது கேக்காதா? இத எடுத்துட்டேன்னா உங்கப்பாவுக்காக நேரா கேக்கலாம்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அதற்குமேல் என்ன திட்டுவது? புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நானும் இறங்கினேன். திட்டிக்கொண்டேதான் வாரினேன், அது வேறு விஷயம். பொழுது சாய்வதற்குள் பாத்தி காலியாகிவிட்டது. குவியலுக்குக் கீற்றும் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. அப்பாவும் பஸ் ஏறி வந்து நடுவரிசையில் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் போனார். துண்டுச்சீட்டை விரித்தார். "காய்ந்து கிடக்கும் எங்கள் நிலங்களுக்கும், தாகத்தால் தவிக்கும் எல்லா உயிர்களுக்கும் நல்ல மழையைத் தர வேண்டுமென்று..." என்று கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவர், சீட்டில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: "செனை மாடுங்களுக்கும்."

கோயிலே கொல்லென்று சிரித்தது. சாமியார் இருமிச் சமாளித்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று விவசாயிகள் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி பதில் சொன்னார்கள். உப்புக்காரர்கள் தொண்டைக்குள்ளேயே சொல்லி விழுங்கினார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் மாமியார்! வெளியே வந்ததும், "என்ன அத்தை, நீங்களே மழைய வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறீங்க?" என்றேன். "என் புள்ள அங்க நின்னு தொண்டத்தண்ணி வத்தக் கேக்கறான், நான் வாய மூடிக்கிட்டு நிக்கறதா? வந்தா வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

மழை வரவில்லை.

திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை. வெயில் முன்னைவிட நன்றாகவே காய்ந்தது. மற்ற பாத்திகளில் உப்பு கல்லுக்கல்லாக முற்றி, வாரி வாரிக் குவித்து, ரோட்டோரம் முழுக்க வெள்ளை மலை. நடுவில் எங்கள் குவியல் மட்டும் அழுக்குப் பஞ்சு மாதிரி கிடந்தது. பாய் வந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "டேய், இது உப்பா ரவையா? உப்புமா கிண்டலாம்டா" என்று சொல்லிவிட்டு எடுக்காமலே போனார். இவரைக் கண்டால் உப்பளத்தில் எல்லாரும் குடை பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். "கேக்கற வேலை என்னுது, நான் கேட்டுட்டேன்" என்று இவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்குத்தான் ஆறவில்லை. மாதா திருநாளும் வந்தது. தேர், ஊர்வலம், பாண்டு வாத்தியம் எல்லாம் இருந்தது, ஒரு தூறல் இல்லை. தேர் எங்கள் தெருவைத் தாண்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தனை மெழுகுவத்திக்கு ஒரு நன்றி வேண்டாமா?

அடுத்த சந்தை நாள் வந்தது. காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இந்நேரம் கிளம்பியிருப்பார், இந்நேரம் கயிறு கை மாறியிருக்கும் என்று மனசு அதிலேயே போய் நின்றது. மத்தியானம் தூக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன். இவர் பாத்தியில் புதுசாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

சந்தை அப்பாவின் ஊருக்கும் மேற்கே, அங்கே போன மாடு இந்தப் பக்கம் வர வேலையில்லை. ரோட்டில் மேற்கேயிருந்து ஒரு ஆள் மாட்டைப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வருவது தெரிந்தது. செவலை மாடு. வயிறு இரண்டு பக்கமும் அசைய அசைய மெதுவாக வந்தது. அப்பாவின் தலைத்துண்டு எனக்கு எவ்வளவு தூரத்திலும் தெரியும். தூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக இவரைப் பார்த்தார்.

"சந்தை வரைக்கும் ஓட்டிக்கிட்டுத்தான் போனேன் மாப்ள. தரகன் கயித்துல கை வெச்சான். அப்பத்தான்... எனக்காக ஒரு மனுஷன் வெளையாத உப்ப வாரிப் போட்டாருன்னு கோயில்லயே சொன்னாங்க. நான் செனை மாட்ட இவன் கையில குடுத்துட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த ஞாயிறு பூசைக்குப் போறது?" அப்பா கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தார். "ஒரு மழ பேயற வரைக்கும்... உங்க வூட்டுல கட்டிக்கறீங்களா?"

அப்பா ஒருவரிடம் கேட்டு நான் பார்த்த முதல் தடவை அதுதான். இவர் பதறிக்கொண்டு கரையேறி, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கயிற்றை வாங்கினார். "என்ன மாமா, இதுக்குப் போய் கேட்டுக்கிட்டு. நம்ம வூடு. வாங்க" என்றார்.

பேசிக்கொண்டிருந்ததில் கயிறு தளர்ந்தது. மாடு பாட்டுக்கு நடந்துபோய், யாரும் எடுக்காத எங்கள் குவியலின் கீற்றை மூக்கால் நெட்டித் தள்ளிவிட்டு நக்க ஆரம்பித்தது. சொரசொரவென்று சத்தம் கேட்டது. "ஏய்!" என்று அப்பா கையை ஓங்கிக்கொண்டு ஓடினார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கட்டும் மாமா. அதுக்காகத்தான் வாரினது."

அப்பா துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். ஊரில் வாயாடி என்று பேர் வாங்கின நான், தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கொளுத்துகிற வெயிலில் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.